தனபாக்கியம்மாவின் அபூர்வப் பதிவு

“...நல்லாத்தான் கீது தம்பி, இல்லேன்னு சொல்லல. ஆனா இதுல பாடறது யாரு?”

கேட்டவர் கலசப்பாக்கம் தனபாக்கியம். ஸ்பீக்கரில் அந்த நேரம் பாடிக்கொண்டிருந்தவரும் கலசப்பாக்கம் தனபாக்கியம்தான். பதில் சொல்ல வேண்டியவன் நான். சேவூர்க் கல்யாண மண்டபத்தில், ஊர் ஊராக வந்திருந்த அவருடைய ரசிகர்களுக்கு முன்னால், கையில் மைக்குடன் நின்றிருந்தேன்.

ஒருவர்மேல் அளவு மீறிப் பிரியம் வைத்தவன், கொஞ்ச நாளில் அவரைப் பற்றி ஊருக்குப் பாடம் எடுக்க ஆரம்பிப்பான். இன்னும் முற்றினால் அவருக்கே பாடம் எடுப்பான். எனக்கு நன்றாக முற்றியிருந்தது.

தனபாக்கியம்மாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். (அப்படிப்பட்டவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை நான் ஒப்புக்கொண்டதே சமீபத்தில்தான்.) நடவு வயலில் பாடிக்கொண்டிருந்தவர். யாரோ கேட்டு மயங்கி, வேலூருக்கு அழைத்துப்போய் மைக் முன்னால் நிறுத்திக் கேசட் போட்டார்கள். அது ஓடிய ஓட்டத்தில் வரிசையாகக் கேசட்டுகள் வந்தன. ஆரணியைச் சுற்றிய டீக்கடை, டவுன் பஸ், காதுகுத்து, மஞ்சள்நீர் எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் அவர் குரல்தான்.

அந்தக் குரலில் மெருகு கிடையாது. இந்த வரப்பில் நின்றுகொண்டு நாலு வரப்பு தள்ளி இருப்பவளைக் கூப்பிடுகிற குரல். வரியின் கடைசிச் சொல்லைச் சட்டென்று விடமாட்டார். கையில் பிடித்த கோழியைப் போல அதை ஒருமுறை இறக்கை உதறவிட்டுத்தான் கீழே இறக்குவார். அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பது நமக்குக் கேட்கும். பெரிய பாடகர்கள் அதை மறைத்துவிடுவார்களாம். இவர் மூச்சையும் பாட்டோடு சேர்த்தே கொடுப்பார். நான் பட்டுத்தறி நெய்கிறவன். தறியில் உட்கார்ந்து கேட்கும்போது அந்த மூச்சு வருகிற இடத்தில் என் கை தானாக நின்றுவிடும். அவர் மூச்சு விட்டால்தான் எனக்கும் மூச்சு.

என் சிநேகிதன் லோகு டவுன் பஸ்ஸில் நடத்துநர். அவன் சொல்வான்: “தனபாக்கியம்மா பாட்டு ஓடினா, சில்லறைக்குச் சண்டை போடறவன்கூட சைலண்டா நின்னுகினு வரான் மச்சான்.” எங்கள் வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவன் அவன்தான். ‘தனபாக்கியம் பாட்டுப் பிரியர்கள்’ என்று பெயர். பாட்டைப் போடுவது, சிலாகிப்பது, எந்தக் கேசட் எந்த வருடம் என்று அடித்துக்கொள்வது. வேறு வேலை கிடையாது.

அந்தக் குழுவில் எனக்கு ஒரு தனி மவுசு. காரணம் ‘செய்யாத்துத் தண்ணி’ என்கிற கேசட்.

கேசட் கம்பெனியை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த கடைசிக் கேசட் அது. கடைக்கு வந்ததே குறைவு. வந்ததிலும் பாதியை டேப்ரெக்கார்டர்கள் தின்றுவிட்டன, மீதியைக் கரையான் தின்றது. ஊரெல்லாம் தேடியும் குழுவில் வேறு ஒருவரிடமும் அது இல்லை. என்னிடம் மட்டும் முழுசாக இருந்தது. அதில் இரண்டாவது பக்கம், கடைசிப் பாட்டு:

‘கடைசி பஸ்ஸும் போயிடுச்சே மாமா – நான்
காத்த காலும் மரத்துப்போச்சே மாமா
வரேன்னு சொன்ன வாயி எங்க மாமா – அதுல
வடைய வெச்சு அடைச்சவ யாரு மாமா’

ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு, என் பழைய டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டர் எதிரில் போனை வைத்து அந்தப் பாட்டைப் பதிவு செய்து குழுவில் போட்டேன். ‘அபூர்வப் பதிவு’ என்று தலைப்பும் கொடுத்தேன்.

குழு அழுதுவிட்டது.

அவர்கள் கேட்டுப் பழகிய, துள்ளுகிற தனபாக்கியம்மா இதில் இல்லை. குரல் கனத்து, அடித்தொண்டையிலிருந்து, ஒவ்வொரு சொல்லும் ஈரச் சேலையைப் பிழிவதுபோல மெதுவாக வந்தது. மூன்றாவது சரணத்துக்குப் பிறகு ஓரிடத்தில் விம்மல் ஒன்று கேட்கும். பாட்டு உடைந்து, ஒரு நொடி நின்று, மறுபடி எழும். வந்தவாசியிலிருந்து வரதராஜன் வாத்தியார் (ரிடையர்டு தமிழாசிரியர், குழுவிலேயே நன்றாக எழுதுகிறவர்) அந்த விம்மலைப் பற்றி மட்டுமே நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். வடையைப் பற்றி இன்னொன்று. ‘அது வெறும் வடையன்று. ஏழைப் பெண்ணின் கேள்விக்கு உலகம் தருகிற பதில்’ என்று முடித்திருந்தார். சிங்கப்பூரில் இருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லையாம். பின்னணியில் மெலிதாகக் கேட்ட ‘டக் டக்’ ஓசை எந்த வாத்தியம் என்று தனியாக ஒரு விவாதம் நடந்தது. (அது எங்கள் பக்கத்து வீட்டுத் தறி. நான் வாய் திறக்கவில்லை.)

நானும் சும்மா இல்லை. “வாழ்க்கையில பெருந்துக்கம் ஒண்ணு நடந்த சமயத்துல பாடினது. அதான் இந்தக் குரல்” என்று ஒரு குரல்செய்தி போட்டேன். எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேசட் வைத்திருப்பவனுக்குத் தெரியாதா?

இப்படி இருக்கையில், தனபாக்கியம்மாவை நேரில் வரவழைத்து மரியாதை செய்வது என்று முடிவாயிற்று. நானும் லோகுவும் கலசப்பாக்கம் போனோம். வீட்டு வாசலில் மகள் செல்வியோடு உட்கார்ந்து மல்லாட்டை (நிலக்கடலை) உரித்துக்கொண்டிருந்தார். என் வீட்டுத் தறிமேடையில் தினமும் பாடுகிற குரல், எதிரில் உட்கார்ந்து, “வாங்க, குந்துங்க. மல்லாட்ட துன்னுங்க” என்கிறது. நான் இரண்டு கையையும் நீட்டி, கோயிலில் திருநீறு வாங்குவதுபோல வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் லோகு அதைச் சொல்லிச் சிரிப்பான்.

வந்த விஷயத்தைச் சொன்னோம். கேட்டுக்கொண்டார்.

“வரேன் தம்பி. சோறு போட்டா துன்றேன். போட்டோ புடிச்சிக்கோங்க. ஆனா பாடுன்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது.”

“ஏம்மா?”

ஒரு கடலையை உடைத்துக்கொண்டே சொன்னார்: “ஒரு கூழ் ஊத்தற திருவிழா. மேல எடுத்தேன், தொண்டை ஒடஞ்சிப்போச்சி. மறுபடி எடுத்தேன், மறுபடி ஒடஞ்சிது. பசங்க விசிலடிச்சானுங்க. அவனுங்க மேல கோவமில்ல, வயசுப் பசங்க. கொரலு எறங்கிப்போச்சி, அவ்ளோதான். அன்னியோட வுட்டுட்டேன்.”

செல்வி மெதுவாக எங்களிடம் சொன்னார்: “வூட்டுல சமைக்கும்போதுகூடப் பாடறதில்லீங்க இப்ப. அதான் எனக்குப் பேஜாரா இருக்குது.”

திரும்பும்போது பஸ்ஸில் லோகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். “நேர்ல ஒரு தபா கேக்கணும்னு இருந்தேன் மச்சான். சோறு துன்றதத்தான் பாக்கப்போறோம் போல.”

எனக்கும் அதே ஆசைதான். அவர் மேடையேறிய நாட்களில் எல்லாம் முகூர்த்த சீசன், கல்யாணப் பட்டு நெய்துகொண்டு நான் தறிக்குழியில் இருந்தேன். ஒருமுறைகூட நேரில் கேட்டதில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“கவலைய வுடு. நான் பாட வெக்கறேன் பாரு” என்றேன்.

என் திட்டம் எளிது. பாடுங்கள் என்று சொன்னால்தானே தப்பு? அபூர்வப் பதிவைப் போடுவேன். அவரே மறந்துபோன அந்தத் துக்கக் குரலைக் கேட்டதும் உருகிப்போவார், கண்ணைத் துடைத்துக்கொண்டு தானாகவே கூடச் சேர்ந்து பாடிவிடுவார். யோசிக்க யோசிக்க எனக்கே கண் கலங்கியது.

அந்த நாளும் வந்தது. ஆரணியிலிருந்து மட்டுமில்லாமல் போளூர், வந்தவாசி, செய்யாறு என்று ஜனங்கள் வந்திருந்தார்கள். தனபாக்கியம்மா மெரூன் கலர் சேலையில் வந்து இறங்கியதும் ஒருவரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். சாப்பாடு முடிந்தது, மாலை, சால்வை எல்லாம் முடிந்தது. மைக்கை நான் வாங்கினேன்.

அவருடைய கேசட்டுகளைப் பற்றி அவருக்கே விளக்கினேன். எந்தக் கேசட்டில் எந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டு, எதில் உறுமி, எதில் நாதஸ்வரம். ஒவ்வொன்றுக்கும் அவர், “அப்பிடீங்களா, அப்பிடீங்களா” என்று ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில், “அம்மா, இப்ப உங்க உயிரை உங்களுக்கே திருப்பித் தரப்போறேன்” என்று சொல்லிவிட்டு (சொன்னேன், மறைக்கவில்லை) போனை ஸ்பீக்கரில் இணைத்தேன்.

கனத்த குரல் மண்டபத்தை நிறைத்தது. ‘கடைசீ... பஸ்ஸும்...’

வரதராஜன் வாத்தியார் முதல் வரிசையில் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். விம்மல் வந்தது. தலைகள் குனிந்தன. எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினார். நான் தனபாக்கியம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது உருகுவார் என்று.

அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் சாய்ந்து, “இன்னாத்துக்குடி எல்லாம் அழுவறாங்க?” என்று கேட்டார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அதன் பிறகுதான் என்னைப் பார்த்து அந்தக் கேள்வி. பாடறது யாரு?

“நீங்கதாம்மா” என்றேன்.

“நானா?”

“ஆமாம்மா. ‘செய்யாத்துத் தண்ணி’, ரெண்டாவது பக்கம், கடைசிப் பாட்டு.”

“பாட்டு என்துதான். கொரலு என்து இல்லியே தம்பி. ஆம்பள கொரலு மாதிரி கீது.”

மரியாதை தெரிந்தவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் ரசிகனாயிற்றே. “இல்லம்மா, நீங்கதான். பெரிய துக்கத்துல இருந்தப்ப பாடினது. உங்களுக்கு ஞாபகம் இருக்காது.”

“எனக்குத் தெரியாம நான் எப்பப்பா துக்கப்பட்டேன்?”

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, இருமி மறைத்தார்கள். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “ஏங்க, அது நம்ம வூட்டு டேப்புல எடுத்ததா?”

என் மனைவி மல்லிகா. எழுந்து நின்றிருந்தாள்.

“ஆமா. ஏன்?”

“நம்ம டேப்பு மெதுவாத்தானே ஓடும்” என்றாள், சாதாரணமாக, சோறு வெந்துவிட்டது என்பதுபோல.

மண்டபம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. இவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவள் தனபாக்கியம்மாவைப் பார்த்து மட்டும் பேசினாள். “இல்லீங்கம்மா, இவரு உங்க பாட்ட வெச்சுகினுதான் நெய்வாரு. பாட்டு ஜல்தியா ஓடினா இவரு காலும் ஜல்தியா மிதிக்கும். பட்டு தாங்குமா? இழை அறுந்துகினே இருக்கும். ஒக்காந்து முடிச்சு போடறது நானு. ஒரு வேள சோறு ஆக்க முடியல. அப்புறம் ரேடியோ கடைக்கு எடுத்துனு போனேன். மோட்டார்ல ஒரு திருகு கீதாம். அதக் கொஞ்சம் எறக்கி வெச்சாரு. கொரலுந்தான் கொஞ்சம் கனத்துப்போச்சி, ஆனா பாட்டு தறிக்குத் தோதா வந்துடுச்சி. கல்யாணமான புதுசுல செஞ்சது. நானே மறந்துட்டேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே” என்றேன். மைக்கில்தான் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது.

“சொல்லியிருந்தா திருப்பி வெச்சிருப்பீங்களே” என்றாள்.

(வீட்டில் இன்றுவரை நான் எதையாவது அடித்துப் பேச ஆரம்பித்தால் மல்லிகா வாயே திறக்கமாட்டாள். இரண்டு விரலைக் காற்றில் நீட்டி ஒரு சின்னத் திருகு திருகுவாள். என் மகளும் கற்றுக்கொண்டாள். போன மாதம் புது மருமகனும் திருகினார்.)

பல வருடங்களாக டீக்கடையில் தனபாக்கியம்மா பாட்டைக் கேட்கும்போதெல்லாம், ‘இந்த ஆள் ஏன் இப்படி அவசரமாக ஓட்டுகிறான், ரசனையே இல்லை’ என்று நான் நினைத்தது அந்த நிமிடம் ஞாபகம் வந்தது. காலுக்குக் கீழே பார்த்தேன். வீடாக இருந்தால் தறிக்குழி இருக்கும், இறங்கி உட்கார்ந்துகொள்ளலாம். மண்டபத்தில் வெறும் மொசைக் தரை.

தனபாக்கியம்மா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோளிலிருந்து சால்வை நழுவ நழுவச் சிரித்தார். “இது கிண்டல் பாட்டு சாமி. குதிச்சுகினு ஓடும். பஸ்ஸ வுட்டுட்டு எவ வூட்லியோ டிபன் துன்னுட்டு வர்ற புருசன, பொண்டாட்டி நக்கல் அடிக்கறது.”

வரதராஜன் வாத்தியார் மெதுவாக எழுந்தார். “அப்படின்னா அம்மா... அந்த வடை?”

“வடதாங்க.”

வாத்தியார் உட்கார்ந்தார்.

“விம்மல் ஒண்ணு வருதேம்மா” என்றான் லோகு. அவனுக்கு அதுதான் பாட்டிலேயே பிடித்த இடம்.

“அதுவா, உறுமி அடிக்கறவரு நெஜமாவே ஒரு வடைய வாயில வெச்சுகினு என்னப் பாத்தாரு. சிரிச்சிட்டேன். கம்பெனிக்காரரு, பரவால்ல இருக்கட்டும்னுட்டாரு.”

இப்போது மண்டபமே சிரித்தது. மூக்கை உறிஞ்சியவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. மானம் போனது பெரிதில்லை. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. நேரில் ஒரு பாட்டு, அவர் வாயால். அதை நான் கேலிக்கூத்தாக்கிவிட்டேன். இனிமேல் யார் போய் அந்த அம்மாவைப் பாடச் சொல்லிக் கேட்பது? லோகு என் பக்கம் பார்க்காமல் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். செல்வி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“இரு” என்றார் தனபாக்கியம்மா. சிரிப்பு நின்றிருந்தது. “தம்பி, அத இன்னொரு தபா போடு.”

போடச் சொன்னது கிண்டலுக்காகத்தான் என்று நினைத்தேன். லோகு ஒயரைத் திரும்பப் பிரித்தான். பாட்டு ஓடியது. இந்த முறை யாரும் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் விரல் ஒன்று தொடையில் தட்டியது. பிறகு உள்ளங்கை. ஸ்பீக்கரில் வரி உயரமாகப் போகிற இடத்தில் அவர் உதடு அசைந்தது, சத்தம் இல்லாமல். ஒருமுறை தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். செல்வி பையைத் தோளில் போட்டபடி அசையாமல் நின்றார்.

“செல்வி, இந்த ஒசரம் எனக்கு எட்டும் போலக்குதே” என்றார், கண்ணைத் திறக்காமல். “நான் அந்தப் பழைய ஒசரத்துக்கே போயி முட்டிகினு இருந்தேன். எறக்கினா பாட்டு செத்துடும்னு நெனச்சேன். இங்க ஒண்ணும் செத்த மாதிரி தெரியல. மூச்சு வாங்கவும் எடம் வுட்டுக் கீது.”

பிறகு என்னிடம், “அந்தப் பொட்டிய நிறுத்து” என்றார்.

நிறுத்தினேன்.

அவர் மைக்கைக் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, ‘கடைசி பஸ்ஸும் போயிடுச்சே மாமா’ என்று எடுத்தார். டேப்பில் வந்த கனத்த குரல் இல்லை அது, கேசட்டில் துள்ளிய குரலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், நாங்கள் யாரும் இதுவரை கேட்டிராத ஒன்று. கரகரப்பு இருந்தது. ஒரு வரியில் தடுக்கியது, தடுக்கிய இடத்திலேயே நின்று நிதானமாக மறுபடி ஏறியது. ‘வடைய வெச்சு அடைச்சவ யாரு’ என்று அவர் கேட்டபோது கிண்டலும் இருந்தது, கிண்டலுக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. வரதராஜன் வாத்தியார் கைக்குட்டையைத் தேடினார். நான் அந்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். வந்தது. ஸ்பீக்கர் இல்லாமல், டேப் இல்லாமல், எட்டு அடி தூரத்தில். தறியில்லாத என் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. பெண்கள் பக்கம் திரும்பினேன். மல்லிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. செல்வி தோளிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

தனபாக்கியம்மா எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கி, செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் வாயை ஒருமுறை துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டை எடுத்தார்.